சாதாரணச் சிப்பாய்க்கு வீரப் பதக்கம் எப்படிக் கிடைக்கிறது?

வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ பழைய மிலிட்டரிக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போனால், சாமி படங்களை அடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட பதக்க வரிசை ஒன்று மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். நிறம் மங்கிய ரிப்பன்களில் நான்கைந்து வட்டங்களும் நடுவே ஒரு நட்சத்திரமும் தொங்கும். பேரப்பிள்ளைகள் அதைக் காட்டி, "தாத்தா சண்டையில பெரிய வீரரா?" என்று கேட்பதும், "இவ்வளவு மெடல் சும்மாவா குடுப்பாங்க?" என்று வீட்டார் பெருமையுடன் சொல்வதும் வழக்கம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் பதில் முழுவதும் சரியன்று. 1971ஆம் ஆண்டுப் போரின்போது பணியில் இருந்த ஒரு ஹவில்தாரின் சட்டத்தில் பெரும்பாலும் இருப்பவை பூர்வி (கிழக்கு முனை) ஸ்டார் அல்லது பஸ்சிமி (மேற்கு முனை) ஸ்டார், சங்ராம் மெடல், சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி அளிக்கப்பட்ட மெடல், ஒன்பது ஆண்டு நெடுஞ்சேவை மெடல் ஆகியவையே. இவை, அவர் இன்ன போரின்போது இன்ன பகுதியில் இருந்தார், இத்தனை ஆண்டுகள் ஒழுங்காகப் பணியாற்றினார் என்பதற்கான சான்றுகள். களத்தில் அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றி இவற்றில் எதுவும் பேசுவதில்லை.

களத்தில் செய்த ஒரு குறிப்பிட்ட செயலுக்காக, அதைச் செய்த ஆளுக்கு மட்டும் அளிக்கப்படுவதே வீரப் பதக்கம். போருக்குச் சென்ற எல்லோருக்கும் கிடைப்பது சேவைப் பதக்கம். அவர்களுள் ஒருவர் கடமை கேட்டதற்கு மேலாக எதையோ செய்தபோது கிடைப்பது வீரப் பதக்கம். இரண்டையும் ஒரே கம்பியில் கோத்து அணிவதால் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில், மதிப்பின் வரிசைப்படி அமைகின்றன. சட்டைப் பொத்தான்களுக்கு மிக அருகில் இருப்பதே உயர்ந்தது. எனவே எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது ஓரமாகத் தெரியும் முதல் பதக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீரப் பதக்கம் ஏதேனும் இருந்தால் அது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், பெற்றவரின் படை எண்ணும் பதவியும் பெயரும் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் தெரியும்.

வீரப் பதக்கத்தைப் பற்றிப் புதிதாக அறிய விரும்புபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. வீரச்செயல் நடந்துவிட்டால் மட்டும் பதக்கம் வந்துவிடாது. அதை யாரேனும் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை மேலே இருப்பவர்கள் நம்ப வேண்டும். தளபதியின் செயலை ஊரே பார்க்கும், வரலாறும் எழுதும். புழுதிக்குள் கிடக்கும் சிப்பாயின் செயலை யார் பார்த்து எழுதுவது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் மையமான சிக்கல்.

நடுகல்லும் தகரப் பதக்கமும்

தமிழ் நிலத்துக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. படைத்தலைவர்களுக்கு ஏனாதி என்ற பட்டமும் அதற்குரிய மோதிரமும் வழங்கும் வழக்கம் முன்பு இருந்தது. அது மேலே இருந்தவர்களுக்கு உரியது. ஆனால் செங்கம் வட்டாரத்தில் கிடைத்துள்ள நடுகற்களைப் பார்த்தால், ஆநிரை மீட்கும் சண்டையில் இறந்த, பெரிய பதவி எதுவும் இல்லாத ஒருவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தப் பூசலில் என்ன செய்து பட்டான் என்பதை இரண்டு மூன்று வரிகளுக்குள் வெட்டியிருக்கிறார்கள். இன்றைய ராணுவம் ஒரு வீரனைப் பற்றி எழுதும் பாராட்டுரையில் இருக்கும் செய்திகளும் ஏறத்தாழ இவையே. இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. பெயரைப் பொறிப்பதோடு வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை அக்காலத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

நாம் இன்று பதக்கம் என்று அழைக்கும் உலோக வட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கு வந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய படையில் பெரும்பங்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுகைக்கு உட்பட்ட மதராஸ் ராணுவத்துடையது. அந்த வெற்றிக்காகக் கம்பெனி ஒரு பதக்கம் வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் ஒரு புலியைக் கீழே தள்ளி அடக்கும் காட்சி இருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் உலோகம் ஒன்றல்ல. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்த நிலையினருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் கீழே வெள்ளி, பின்னர் வெண்கலம் என்று இறங்கி, துப்பாக்கி தூக்கிய சாதாரணச் சிப்பாய்க்கு வரும்போது அது வெறும் தகரமாகிவிட்டது. மதில் உடைந்த இடத்தில் ஏறியவனும் பின்னால் கூடாரத்தில் இருந்தவனும் அவரவர் பதவிக்கு ஏற்ற உலோகத்தையே பெற்றார்கள். பதக்கம் செயலை அளக்காமல் ஆளின் இடத்தை அளந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த மனப்பான்மை சட்டென்று மறைந்துவிடவும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்தபின் வெளியிடப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைச் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுத்தவர்கள், சுமை தூக்கியும் குழி வெட்டியும் உழைத்த இந்திய, சீனத் தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியில் கிடைத்தவற்றுள் எத்தனை பின்னாளில் பஞ்சம் பிழைக்கச் சவுகார்பேட்டை அடகுக்கடைகளுக்குப் போய் உருகினவோ, அதற்குக் கணக்கில்லை.

பதவியைப் பார்க்காத பதக்கம்

ஐரோப்பாவிலும் நீண்ட காலம் விருதுகள் பிரபுக்களுக்கும் மேலதிகாரிகளுக்கும் உரியனவாகவே இருந்தன. 1782இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டன் சாதாரணச் சிப்பாய்களுக்கென்று துணியில் செய்த ஊதா நிற இதயச் சின்னம் ஒன்றை ஏற்படுத்தினார். இன்று ஹாலிவுட் படங்களில் அடிக்கடி அடிபடும் பர்பிள் ஹார்ட் 1932இல் அதன் நினைவாக உயிர்பெற்றது. ஆனால் இப்போது அது போரில் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் அளிக்கப்படுவது, வீரச்செயலுக்கானது அல்ல. 1802இல் நெப்போலியன் தொடங்கிய லீஜியன் ஆஃப் ஹானர் பிறப்பையும் பதவியையும் பாராமல் அளிக்கப்பட்டது. 1813இல் ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் ஏற்படுத்திய இரும்புச் சிலுவையும் அப்படியே. வடசென்னைக்காரர்களுக்கு இந்த இரும்புச் சிலுவையோடு ஒரு விசித்திரமான உறவு உண்டு: 1914 செப்டம்பர் 22 இரவில் நம் துறைமுகத்துக்கு அருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் கப்பலின் மாலுமிகள் பலருக்கு ஜெர்மானியப் பேரரசர் அதை அளித்தார். இங்கே ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய மக்களுக்கு அச்சமாக இருந்தது அங்கே பதக்கமாயிற்று. வீரப் பதக்கம் எப்போதும் ஒரு தரப்பின் கண்ணிலிருந்து எழுதப்படுவது என்பதையும் மறக்கக் கூடாது.

பிரிட்டனில் மாற்றம், ரஷ்யாவை எதிர்த்து அது நடத்திய கிரிமியப் போரால் வந்தது. போர்க்களத்துக்கே சென்று செய்தி அனுப்பிய நிருபர்களின் வழியாக, தளபதிகளின் குளறுபடிகளும் சாதாரணச் சிப்பாய்களின் துணிவும் லண்டன் மக்களுக்கு முதன்முறையாக அன்றாடச் செய்தியாகத் தெரியவந்தன. 1856 ஜனவரி 29 அன்று விக்டோரியா மகாராணி விக்டோரியா கிராஸ் என்ற பதக்கத்தை ஏற்படுத்தினார். தங்கமும் வைரமும் இல்லாத, வெண்கலத்தால் ஆன எளிய சிலுவை அது. பதவி, நீண்ட சேவை, பட்ட காயம் ஆகிய எதுவும் கணக்கில் வராது, எதிரியின் முன்னிலையில் செய்த செயல் ஒன்றே கணக்கு என்று அதன் ஆணை கூறியது. அடுத்த ஆண்டு ஜூன் 26 அன்று ஹைட் பார்க்கில் 62 பேருக்கு மகாராணியே அதைக் குத்திவிட்டார்.

அந்த முதல் ஆணையில் இருந்த ஒரு விதியை இன்று படித்தாலும் வியப்பாக இருக்கிறது. ஒரு படைப்பிரிவு முழுவதும் ஒரே அளவு வீரத்தோடு போரிட்டு, இவர் அவரைவிட மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்தால், வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதிகாரிகள் தமக்குள் ஒருவரையும், அவர்களுக்குக் கீழுள்ள கார்ப்பரல், சார்ஜென்ட் நிலையினர் (நம் நாயக், ஹவில்தார் போன்றவர்கள்) ஒருவரையும், சிப்பாய்கள் தமக்குள் இருவரையும் தேர்ந்தெடுப்பார்கள். 1857இல் லக்னோவில் நடந்த சண்டைகளில் இப்படி வாக்களித்துப் பலர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கடைசியாக 1918இல் பெல்ஜியத்தின் ஜீபுருஹே துறைமுகத் தாக்குதலுக்குப் பின் இந்த முறை பயன்பட்டது. யார் வீரன் என்பதைப் பக்கத்தில் நின்றவனே நன்கு அறிவான் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. மேலிருந்து கீழே பார்த்து எழுதும் முறையைவிட இது நேர்மையானது என்றே எனக்குத் தோன்றுகிறது, நடைமுறையில் எத்தனை சங்கடங்கள் இருந்தாலும்.

ஆனால் இந்தியச் சிப்பாய்க்கு அந்தச் சிலுவை 1911 வரை மறுக்கப்பட்டது. அவனுக்கென்று வேறொன்று இருந்தது. அது விக்டோரியா கிராஸைவிட மூத்தது என்பது பலருக்குத் தெரியாது. 1837இலேயே கம்பெனி ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருதை இந்தியச் சிப்பாய்களுக்காக ஏற்படுத்தியது. பின்னர் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பெயர் மாறிய அதில் மூன்று வகுப்புகள் இருந்தன. முதலில் மூன்றாம் வகுப்பு. இன்னொரு வீரச்செயல் செய்தால் இரண்டாம் வகுப்பு. மேலும் ஒன்று செய்தால்தான் முதல் வகுப்பு. ஒவ்வொரு படிக்கும் சம்பள உயர்வு உண்டு, முதல் வகுப்புக்கு இரட்டைச் சம்பளம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒரே செயலில் அடையக்கூடிய உச்சத்தை இந்தியச் சிப்பாய் மூன்று முறை உயிரைப் பணயம் வைத்து எட்ட வேண்டியிருந்தது. 1911இல் தடை நீங்கிய பின், 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹொலபேக்கில், மெஷின் கன்னோடு இருந்த தம் தோழர்கள் எல்லோரும் மடிந்த பின்னும் சுடுவதை நிறுத்தாத சிப்பாய் குதாதாத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் ஆனார்.

பார்த்தவர் யாருமே மிஞ்சாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு சாராகடி ஒரு விடை. 1897 செப்டம்பர் 12 அன்று வடமேற்கு எல்லையில் இருந்த அந்தச் சிறிய காவல் நிலையத்தில் 36ஆம் சீக்கியப் படையின் 21 பேர் ஆயிரக்கணக்கானோரை எதிர்த்து நின்று, ஒருவர் மிஞ்சாமல் இறந்தார்கள். இருந்தும் 21 பேருக்கும் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் கிடைத்தது. காரணம், சூரிய ஒளியைக் கண்ணாடியில் திருப்பிச் செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் கருவியை இயக்கிய சிப்பாய் குர்முக் சிங், உள்ளே நடப்பதைக் கடைசி வரை பக்கத்துக் கோட்டைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் செய்திகளே சாட்சி ஆயின. அப்படி ஒரு கருவி இல்லாத எத்தனையோ காவல் நிலையங்களில் எத்தனையோ பேர் இதே போல் இறந்திருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை.

எதிரியின் முன்னிலையில்

சுதந்திர இந்தியா 1950 ஜனவரி 26 அன்று பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றையும் ஏற்படுத்தி, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்த செயல்களுக்கு அவை பொருந்தும் என்று அறிவித்தது. பிரிட்டிஷ் முறையில் அதிகாரிகளுக்கு மிலிட்டரி கிராஸ், சாதாரணச் சிப்பாய்களுக்கு மிலிட்டரி மெடல் என்று ஒரே வீரத்துக்கு இரண்டு பதக்கங்கள் இருந்தன. பிரிட்டன் அந்தப் பிரிவினையை 1993இல்தான் கைவிட்டது. இந்தியா தன் சக்ராக்களில் அதைத் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே உலோகம், ஒரே ரிப்பன். பரம் வீர் சக்ராவை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்திய ராணுவ அதிகாரி ஒருவரை மணந்து இந்தியராகவே வாழ்ந்த சாவித்ரி கானோல்கர். வெண்கல வட்டத்தின் நடுவே அரசுச் சின்னமும் அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கும் இருக்கும். ரிப்பன் ஊதா நிறம்.

இதுவரை அதைப் பெற்றோர் 21 பேர். அவர்களுள் 14 பேருக்கு இறந்த பின்னரே கிடைத்தது. 21 பேரில் 9 பேர் கமிஷன் பெற்ற அதிகாரிகள் அல்லர். சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட நிலையினரான சுபேதார், நாயப் சுபேதார் ஆகிய இருவரை நீக்கினாலும், ஹவில்தார், நாயக், லான்ஸ் நாயக், ரைஃபிள்மேன், கிரனேடியர் என்ற நிலையில் இருந்தவர்கள் ஏழு பேர். படையில் அதிகாரிகளைவிடச் சிப்பாய்கள் பல மடங்கு என்பதை நினைத்தால் இந்தப் பங்கு போதுமா என்று கேட்கலாம். முன்னால் நின்று படையை நடத்துவதும் அதனால் முதலில் சுடப்படுவதும் இளம் அதிகாரிகளே என்பது ஒரு பதில். அதிகாரியின் செயல் எல்லோர் கண்ணிலும் படும் என்பது இன்னொரு பதில். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

அந்த ஏழு பேரில் அப்துல் ஹமீதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். உத்தரப் பிரதேசத்தின் காஜிபூர் மாவட்டத்தில் தையற்காரர் ஒருவரின் மகன். 1965இல் அவருடைய பதவி கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார், அதாவது கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவின் ரேஷனுக்கும் பொருள் இருப்புக்கும் பொறுப்பானவர். பஞ்சாப் எல்லையின் கேம்கரன் பகுதியில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்குகள் வந்தபோது ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் ரிகாயில்லெஸ் துப்பாக்கியை அவர் எடுத்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கிக்கு ஒரு கேடான குணம் உண்டு: சுட்டவுடன் பின்புறம் நெருப்பும் புழுதியும் கிளம்பி, சுட்ட இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்கோ இரும்புக் கவசம் கிடையாது. ஆகவே சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும், கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்து மறுபடியும் சுட வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பல டாங்குகளை அழித்தவர், செப்டம்பர் 10 அன்று இன்னொரு டாங்குக்கு நேர் எதிரே நின்று சுட்டபோது கொல்லப்பட்டார். 1966 குடியரசு நாளில் பரம் வீர் சக்ராவை அவருடைய மனைவியிடம் அளித்தவர், நம் திருத்தணிப் பக்கத்தில் பிறந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன்.

இந்த மூன்று சக்ராக்களுக்கும் பொதுவான நிபந்தனை, செயல் எதிரியின் முன்னிலையில் நடந்திருக்க வேண்டும் என்பது. எதிரியின் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு 1952இல் அசோக சக்ரா மூன்று வகுப்புகளாக ஏற்படுத்தப்பட்டது. 1967 முதல் அவை அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்று வழங்குகின்றன. தரவரிசையில் பரம் வீர், அசோக, மகா வீர், கீர்த்தி, வீர், சௌர்ய என்று இரண்டு வரிசைகளும் மாறி மாறிப் பின்னிக்கொள்ளும். இவற்றுக்கு அடுத்து சேனா மெடலும், கடற்படைக்கும் விமானப்படைக்கும் உரிய அதே நிலை மெடல்களும் வரும். 2014இல் காஷ்மீரின் ஷோபியானில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அளிக்கப்பட்டது அசோக சக்ரா. 1987இல் இலங்கையில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு அளிக்கப்பட்டது பரம் வீர் சக்ரா.

போர் என்று முறையாக அறிவிக்கப்பட்டதா என்பது இங்கே கேள்வியே இல்லை. 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் மோதியபோது ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. கல்லும் கம்பியும் தடியும் கொண்டு கைகலப்பாக நடந்த மோதல் அது. அதில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா கிடைத்தது. எதிரே நின்றது அயல்நாட்டுப் படை என்பதால் அது எதிரியின் முன்னிலையில் நடந்த செயலே ஆகும். மறுபுறம், இரண்டாம் உலகப் போரின் நடுவிலும் எதிரி கண்ணில் படாத வீரம் உண்டு. காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது ஒரு வெடியின் மேல் தாமே விழுந்து, அதன் முழு வேகத்தையும் தம் உடலில் வாங்கி, உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். அங்கே சுடுபவன் யாரும் இல்லாததால் அவருக்குரியது விக்டோரியா கிராஸ் அல்ல, ஜார்ஜ் கிராஸ் என்று முடிவாயிற்று.

எழுதப்படும் பக்கம்

சண்டை முடிந்ததும் யூனிட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். செயலைக் கண்ணால் கண்டவர்கள் சொல்வதைக் கேட்டு, அந்தப் படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் பாராட்டுரை ஒன்றைத் தயாரிப்பார். ராணுவத்தில் எல்லோரும் சைட்டேஷன் என்றே சொல்வார்கள். காவல் நிலையத்தில் எழுதப்படும் எஃப்.ஐ.ஆர். போல அதில் நாள், நேரம், இடம், யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் இருக்கும். 'மிகுந்த துணிச்சலோடு போரிட்டார்' என்று பொதுப்படையாக எழுதினால் அது மேலே நிற்காது. எத்தனை கஜ தூரம் தவழ்ந்தார், எந்த பங்கரை (பதுங்குகுழியை) எதனால் அடக்கினார், எப்போது காயம்பட்டார், காயம்பட்ட பின்னும் என்ன செய்தார், அதனால் சண்டையின் போக்கு எப்படி மாறியது என்று வரிசையாக வர வேண்டும். சிப்பாய் தமக்குத் தாமே விண்ணப்பிக்க முடியாது. அவரைப் பற்றி இன்னொருவர்தான் எழுத வேண்டும்.

அந்தக் காகிதம் பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஒன்றைவிட ஒன்று பெரிய படை அமைப்புகளின் வழியே படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் அதைப் படிப்பவர் பதக்கத்தின் தரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ நிறுத்தவோ பரிந்துரைக்கலாம். பின்னர் தலைமையகத்தையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் கடந்து, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியாகும். அமைதிக் காலத்தில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களையொட்டி அறிவிப்பார்கள். போர்க்காலத்தில் அதற்காகக் காத்திருப்பதில்லை. நாம் தொலைக்காட்சியில் காணும் ராஷ்டிரபதி பவன் விழா பல மாதங்களுக்குப் பின்னரே நடக்கும். கல்வான் பதக்கங்கள் 2021 குடியரசு நாளில் அறிவிக்கப்பட்டன. பழனியின் மனைவி அதை நவம்பரில் பெற்றுக்கொண்டார்.

இந்த நீண்ட பயணத்தில் நல்ல எழுத்துக்கு இருக்கும் பங்கை மறைத்துப் பயனில்லை. நன்றாக எழுதத் தெரிந்த அதிகாரி வாய்த்த சிப்பாயும், ஏனோதானோவென்று எழுதும் அதிகாரி வாய்த்த சிப்பாயும் ஒரே செயலைச் செய்தாலும் ஒரே முடிவை அடையமாட்டார்கள். அதிகாரியும் சேர்ந்து இறந்துவிட்டாலோ, பார்த்த தோழர்கள் சிதறிவிட்டாலோ அந்தப் பக்கம் எழுதப்படாமலே போகும். பிழைகளும் நேரும். 1999இல் கார்கில் போரின்போது டைகர் மலையில் பல குண்டுகளை உடலில் வாங்கியும் ஊர்ந்து சென்று எதிரியின் பங்கரை அடக்கி, பின்னால் வந்த தோழர்களுக்கு எச்சரிக்கையும் சொன்னவர் 19 வயது கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவ். அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தபோதே, அதே பெயருடைய இன்னொரு சிப்பாயின் மரணத்தால் ஏற்பட்ட குழப்பத்தில், பரம் வீர் சக்ரா இறப்புக்குப் பிந்தைய விருதாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

கொடுத்த பதக்கத்தைத் திரும்பப் பெறலாமா என்ற கேள்வியும் எழுந்ததுண்டு. விக்டோரியா கிராஸ் பெற்ற எட்டுப் பேர் பின்னாளில் திருட்டு, இருதார மணம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக அதை இழந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு இது பிடிக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கு மேடை ஏறுபவன்கூட அதை அணிந்தே ஏறலாம் என்பது 1920இல் அவர் எடுத்த நிலை. ஒரு நாளின் செயலுக்குக் கொடுத்ததை வேறொரு நாளின் குற்றத்துக்காகப் பிடுங்குவது முறையன்று என்பதே இதன் பொருள். எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. வீரப் பதக்கம் நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல.

பதக்கத்தோடு மாதந்தோறும் ஒரு தொகையும் உண்டு. 2017இல் அரசு அதை இரட்டிப்பாக்கியபோது பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, சேனா மெடலுக்கு 2,000 என்று நிர்ணயித்தது. பெற்றவர் இறந்த பிறகு அது மனைவிக்குப் போகும். ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. கணவனை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால் தொகை நின்றுவிடும். இறந்த கணவனின் சகோதரனை மணந்தால் மட்டும் நிற்காது. சிப்பாய்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இறப்பவர்கள். அவர்களுடைய மனைவியர் அதைவிட இளையவர்கள். கணவன் செய்த செயலுக்காக வரும் பணம், அவள் யாரை மணக்கலாம் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக எழுந்த முறையீடுகளுக்குப் பின், 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கி, அவள் யாரை மணந்தாலும் தொகை அவளுடைய ஆயுள் முழுவதும் தொடரும் என்று ஆணையிட்டது.